புதிய அந்துப்பூச்சி இனத்தை விவரிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

இரவில் விளக்குத் திரையில் ஒரு பூச்சி வந்து உட்காருகிறது. கையேட்டில் இல்லை, இணையப் படங்களில் இல்லை, தெரிந்தவர்களிடம் கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை. உடனே "இது புதிய இனம்" என்று முடிவு செய்துவிடுகிறோம் பாருங்கள், தவறு அங்கேதான் தொடங்குகிறது. நமக்குப் பெயர் கிடைக்கவில்லை என்பதற்கும் பூச்சிக்குப் பெயரே இல்லை என்பதற்கும் நிறைய தூரம் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் சேர்த்துச் சுமார் 1,60,000 இனங்களுக்குப் பெயர் வைத்தாயிற்று, அதில் பெரும்பகுதி அந்துப்பூச்சிகள். அவற்றில் பலவற்றைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் எழுதிய நாலு வரியும், ஏதோ ஓர் அருங்காட்சியகப் பெட்டியில் ஊசியில் குத்திய ஒரு பூச்சியும்தான் இருக்கும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக வேலை செய்த பிரான்சிஸ் வாக்கர் ஆயிரக்கணக்கான பூச்சிகளுக்குப் பெயர் வைத்தார், ஒரே இனத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் வைத்ததும் உண்டு. அதனால் உங்கள் பூச்சி சேரும் பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியில், இதுவரை வைத்த எல்லாப் பெயர்களையும், இப்போது வழக்கில் இல்லாத பெயர்களையும் சேர்த்து எடுத்து, ஒவ்வொன்றின் மூல மாதிரியோடும் (அந்தப் பெயர் எந்தப் பூச்சியை வைத்துக் கொடுக்கப்பட்டதோ அந்தப் பூச்சியோடும்) ஒப்பிட்டாக வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் இதை விட்டால், நீங்கள் வைக்கும் பெயர் பழைய இனம் ஒன்றின் மறுபெயராகப் போய்விடும்.

அடுத்து, இறக்கையை மட்டும் நம்புவது. லிமான்ட்ரியா டிஸ்பார் பூச்சியில் ஆண் பழுப்பு, பெண் வெளுப்பு. லின்னேயஸ் 1758இல் வைத்த 'டிஸ்பார்' என்ற சொல்லுக்கே ஒவ்வாத, வேறுபட்ட என்றுதான் பொருள். பிஸ்டன் பெட்டுலேரியாவில் வெள்ளையும் கருப்புமாக இரண்டு வடிவங்கள் உண்டு, இரண்டும் ஒரே இனம். மாறாக, ஹெலிகோவெர்பா ஆர்மிஜெராவையும் ஹெலிகோவெர்பா ஜியாவையும் இறக்கையைப் பார்த்து உறுதியாகப் பிரிக்கவே முடியாது, பிறப்புறுப்பை எடுத்துப் பார்க்க வேண்டும் அல்லது டிஎன்ஏ வேண்டும். அதனால் வயிற்றுப்பகுதியைப் பிரித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் சூடாக்கி, பிறப்புறுப்பைச் சுத்தம் செய்து கண்ணாடித் தகட்டில் ஏற்றும் வேலையைத் தவிர்க்காதீர்கள். அந்தத் தகட்டின் எண்ணைப் பூச்சியின் ஊசியிலும் எழுதிவையுங்கள், இல்லையென்றால் எந்த உறுப்பு எந்தப் பூச்சியுடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஒரே ஒரு தேய்ந்த மாதிரியை வைத்து எழுதுவதும் ஆபத்து. செதில் உதிர்ந்த இறக்கையில் கோடு இல்லை என்றால், அது இயல்பிலேயே இல்லையா, உதிர்ந்துபோனதா?

டிஎன்ஏ இருக்கிறதே, அது போதாதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போதாது. இனத்தை அடையாளம் காணப் பயன்படுத்தும் டிஎன்ஏ பார்கோடு என்பது மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவின் 658 எழுத்து நீளமுள்ள துண்டு, அவ்வளவுதான். இத்தனை சதவீத வேறுபாடு இருந்தால் வேறு இனம் என்று எல்லாப் பூச்சிகளுக்கும் பொருந்தும் கோடு கிடையாது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா பரவியிருந்தால் ஒரே இனத்துக்குள்ளேயே பார்கோடு இரண்டாகப் பிரிந்து தெரியலாம், வேறு வேறு இனங்களில் ஒன்றுபோலவும் தெரியலாம். மடகாஸ்கரின் நீண்ட நாக்குப் பூச்சியான சாந்தோபான் ப்ரெடிக்டாவைப் பாருங்கள். 1903இல் துணையினமாகப் பெயர் பெற்றது, 2021இல்தான் தனி இனமாக உயர்த்தினார்கள். அதற்கும் டிஎன்ஏவோடு உடல் அளவுகளையும் சேர்த்தே காட்டினார்கள்.

சரி, இப்போது எழுத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இங்கேதான் நடக்கிறது. தலை, உணர்கொம்பு, மார்பு, கால் என்று இரண்டு பக்கம் விவரித்திருப்பார்கள். எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் அதே பேரினத்தின் பத்து இனங்களுக்கும் அந்த இரண்டு பக்கமும் அப்படியே பொருந்தும். "முன்னிறக்கை பழுப்பு, நடுவில் கருங்கோடு" என்றால் யாருக்கு என்ன பயன்? எந்த இனத்தோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அதில் ஆணின் பற்றுறுப்பு (இணையும்போது பெண்ணைப் பிடிக்கும் உறுப்பு) நுனி உருண்டை, இதில் கூர்மையாக வளைந்தது, அதில் கோடு இறக்கை ஓரத்தைத் தொடும், இதில் பாதியிலேயே நிற்கும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். படமும் அப்படியே, இரண்டையும் ஒரே கோணத்தில், அளவுகோலோடு. ஐம்பது வருடம் கழித்து உங்களைத் தெரியாத ஒருவர் கையில் ஒரு பூச்சியை வைத்துக்கொண்டு இதைப் படிப்பார், அவர் கேட்கப்போகும் கேள்வி "இது அதுவா, இதுவா" என்பது ஒன்றுதான்.

விலங்குகளுக்குப் பெயர் வைக்கும் சர்வதேச விதிகள் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். 1999க்குப் பிறகு வெளியாகும் இனப்பெயர் என்றால், அது புதியது என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும், பெயரைத் தாங்கும் ஹோலோடைப் மாதிரி எதுவென்று குறிக்க வேண்டும், அது எந்தச் சேகரிப்பில் இருக்கிறது அல்லது இருக்கும் என்றும் எழுத வேண்டும். மின்னிதழில் வெளியிட 2012 முதல் அனுமதி உண்டு, ஆனால் அந்த வெளியீட்டை விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிந்து, பதிந்ததற்கான சான்று கட்டுரைக்குள்ளேயே இருக்க வேண்டும். சமூக ஊடகத்தில் படத்தோடு போட்ட பெயர் செல்லாது. கட்டுரை வருவதற்கு முன்பே அப்படிப் பெயரைப் பரப்பிவிட்டால் வீண் குழப்பம்தான். தன் பெயரையே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, இருந்தாலும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு ஆணின் பெயரை வைத்தால் இனப்பெயரின் இறுதியில் 'இ' (-i), பெண்ணின் பெயர் என்றால் 'ஏ' (-ae) வரும், இதை நிறையப் பேர் மாற்றி எழுதிவிடுகிறார்கள்.

அப்புறம் மாதிரிகள். இடம், உயரம், தேதி, பிடித்தவர் பெயர் எல்லாம் ஊசியிலேயே சீட்டாக இருக்கட்டும், கணினியில் மட்டும் இருந்தால் போதாது. ஹோலோடைப்பை வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ளாமல் பொது அருங்காட்சியகத்தில் சேருங்கள். பாராடைப்களை, அதாவது ஹோலோடைப்போடு சேர்த்து விவரித்த மற்ற மாதிரிகளை, ஒரே இடத்தில் குவிக்காமல் இரண்டு மூன்று நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுங்கள். 2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது பூச்சிச் சேகரிப்பின் பெரும்பகுதி ஒரே இரவில் சாம்பலானது. வேறு ஊர்களுக்குக் கொடுத்து வைத்திருந்த மாதிரிகள் தப்பின.