படம் அப்புறம், வடிவம் முதலில்: வேலூரில் புதிதாக வண்டி எடுப்பவர்களுக்கு

எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) தேர்வில் நூற்றுக்கு அறுபது சரியாக இருந்தால் தேறிவிடலாம். அதற்காகச் சாலைப் பலகைகளின் படங்களை வரிசையாக மனப்பாடம் செய்துவிட்டு, ஆர்டிஓ ஆபீஸ் வாசலைத் தாண்டியதும் மறந்துவிடுகிறோம். சாலையில் யாரும் நான்கு விடை கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். பலகையில் இருப்பது என்ன படம் என்று யோசித்து முடிப்பதற்குள் பலகையே பின்னால் போயிருக்கும். அதனால் முதலில் வடிவத்தையும் நிறத்தையும் பிடியுங்கள்.

வட்டம் என்றால் கட்டளை. சிவப்பு வளையம் போட்ட வட்டம் பெரும்பாலும் ‘செய்யாதே’ என்கிறது, நீல வட்டம் ‘இப்படித்தான் செய்’ என்கிறது. சிவப்பு ஓரம் கொண்ட முக்கோணம் எச்சரிக்கை, அதாவது முன்னால் ஏதோ வருகிறது. நீலச் சதுரமும் செவ்வகமும் தகவலுக்கானவை: மருத்துவமனை, பெட்ரோல் பங்க், பார்க்கிங். இந்தக் கணக்கில் சேராதவை இரண்டு. எட்டு மூலை கொண்ட ‘நில்’ பலகை ஒன்று, தலைகீழாக நிற்கும் ‘வழிவிடு’ முக்கோணம் மற்றொன்று. புழுதி படிந்து எழுத்து மறைந்திருந்தாலும், பின்பக்கமிருந்து பார்த்தாலும் இவை அடையாளம் தெரிய வேண்டும் என்பதால்தான் தனி வடிவம். ‘நில்’ பலகையைக் கண்டால் எதிரே யாருமே இல்லாவிட்டாலும் சக்கரம் முழுதாக நின்றுதான் கிளம்ப வேண்டும். ‘வழிவிடு’ பலகையில் குறுக்கே வண்டி வந்தால் மட்டும் நின்றால் போதும்.

புதியவர்கள் குழம்பும் ஜோடிகள் சில உண்டு. சிவப்பு வளையம் போட்ட நீல வட்டத்தில் ஒரே ஒரு சிவப்புக் குறுக்குக்கோடு இருந்தால் பார்க்கிங் கூடாது. ஆளை இறக்கிவிட்டு உடனே நகரலாம். இரண்டு கோடுகள் பெருக்கல் குறியாக இருந்தால் நிறுத்தவே கூடாது. “அம்மாவை இறக்கிட்டு உடனே போயிடறேன் சார்” என்பது அங்கே செல்லாது. சிவப்பு வளையத்துக்குள் 40 என்றால் அதற்கு மேல் போகாதே. நீல வட்டத்துக்குள் 40 என்றால் அதற்குக் கீழே போகாதே. எண்ணுக்கு மேலும் கீழும் சின்ன முக்கோணங்கள் இருந்தால் உயர வரம்பு, இருபக்கமும் இருந்தால் அகல வரம்பு. காரில் போகும்போது உயர வரம்பைக் கவனிக்காமல் பழகியவர்கள், கூரையில் கேரியர் வைத்துச் சாமான் ஏற்றிய நாளில் ரயில்வே சுரங்கப் பாதையில் மாட்டிக்கொள்வார்கள்.

இனி சிக்னல். சிவப்பும் பச்சையும் எல்லாருக்கும் தெரியும். விபத்து நடப்பது மஞ்சளில். மஞ்சள் என்றால் ‘சீக்கிரம் போ’ அல்ல, ‘நில்’. பத்திரமாக நிற்க முடியாத அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டவருக்கு மட்டும்தான் கடக்க அனுமதி. எவ்வளவு நெருக்கம்? 40 கிலோமீட்டர் வேகத்தில் கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி ஆகும். அதற்குள் 11 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்த பிறகு காய்ந்த ரோட்டில் இன்னும் பத்து மீட்டர். ஆக, கோட்டுக்கு முன்னால் சுமார் 20 மீட்டரில், இரண்டு பேருந்து நீளம் அளவில், மனதில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளிக்கு வரும் முன் மஞ்சள் விழுந்தால் நிற்க வேண்டும். தாண்டியபின் விழுந்தால் தயங்காமல் கடந்துவிட வேண்டும். பாதியில் மனம் மாறி பிரேக்கை மிதிப்பவர் மேல்தான் பின்னால் வரும் பேருந்து ஏறுகிறது. மழை நாளில் அந்தப் புள்ளியை இன்னும் பின்னால் தள்ளுங்கள். சிக்னலை நெருங்கும்போதே கண்ணாடியில் பின்னால் யார் வருகிறார் என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

நிற்பது ஸ்டாப் லைனுக்கு முன்னால். முதலில் தடித்த வெள்ளைக்கோடு, அதற்கப்புறம் ஜீப்ரா. ஜீப்ரா மேல் முன்சக்கரத்தை வைத்து நிற்பவருக்குப் பக்கத்துக் கம்பத்தின் விளக்கு தலைக்குப் பின்னால் போய்விடும். பிறகு அடுத்தவர் நகர்வதைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டியிருக்கும். பேருந்திலிருந்து இறங்கி நடப்பவர்கள் நம் பம்பரைச் சுற்றிக்கொண்டு நடுரோட்டுக்கு வருவார்கள். டைமரில் மூன்று, இரண்டு வரும்போதே கிளட்சை விடாதீர்கள். குறுக்குச் சாலையில் கடைசி மஞ்சளில் நுழைந்தவர் இன்னும் வெளியேறியிருக்க மாட்டார். பச்சை விழுந்ததும் இடமும் வலமும் பார்த்து, ஒரு நொடி விட்டுக் கிளம்புங்கள்.

‘ஃப்ரீ லெஃப்ட்’ எங்கும் தானாகக் கிடைப்பதில்லை. அப்படிப் பலகை இருந்தாலோ இடப்பக்கப் பச்சை அம்பு எரிந்தாலோ மட்டும் சிவப்பில் இடப்பக்கம் திரும்பலாம், அதுவும் நடந்து கடப்பவருக்கு வழிவிட்டு. இரவில் விட்டுவிட்டு எரியும் மஞ்சள், வேகம் குறைத்துப் பார்த்துப் போகச் சொல்கிறது. விட்டுவிட்டு எரியும் சிவப்பை ‘நில்’ பலகை போலவே எடுத்துக்கொள்ள வேண்டும். டிராஃபிக் போலீஸ்காரர் நடுவில் நின்றால் விளக்கை மறந்துவிடுங்கள், அவர் கைதான் சட்டம். ஒரு கையை நேரே தூக்கி உள்ளங்கையைக் காட்டினால் அவருக்கு எதிரே வருபவர் நிற்க வேண்டும். கையைப் பக்கவாட்டில் நீட்டினால் அவருக்குப் பின்னாலிருந்து வருபவர் நிற்க வேண்டும்.

ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கே முன்னுரிமை. அவர் நமக்கு வலப்பக்கமாக வருவார். கிரீன் சர்க்கிளில் புது பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும் பேருந்தோடு மூக்கை நுழைத்துப் போட்டி போடுவதை விட, வலப்பக்கம் இடைவெளி கிடைக்கும்வரை காத்திருப்பதுதான் வேகமான வழி.

சிஎம்சி மருத்துவமனையை ஒட்டிய ஐடா ஸ்கடர் சாலையில் ஹாரனை மறந்துவிடுங்கள். மருத்துவமனையைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதிப் பகுதியாக வைக்க ஒலி மாசு விதிகள் இடம் தருகின்றன. உள்ளே படுத்திருப்பவருக்கு அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்பது ஒரு முறை துணைக்குப் படுத்தவருக்குத் தெரியும். ஆம்புலன்ஸ் பின்னால் வந்தால் இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்கி நில்லுங்கள். வழிவிடாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 194ஈ பிரிவின்படி 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. பதற்றத்தில் சிவப்பைத் தாண்டிக் குறுக்கு வண்டியில் மோதினால் ஆம்புலன்ஸும் சேர்ந்து நின்றுபோகும்.

சத்துவாச்சாரி பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறும்போது முக்கோணங்களைத் தேடுங்கள். நேர்கோட்டில் ஒரு கிளை ஒட்டியிருந்தால் பக்கச் சாலை சேர்கிறது. சர்வீஸ் ரோட்டிலிருந்து டூவீலர் சட்டென்று வரும் இடம் அது. எதிர்த்திசையில் நூறு மீட்டர்தானே என்று போவதும், சிவப்பைத் தாண்டுவதும், கையில் செல்போனோடு ஓட்டுவதும் 184ஆம் பிரிவில் அபாயகரமான ஓட்டமாகவே எழுதப்பட்டிருக்கின்றன. சாலைக்கோட்டையும் படியுங்கள். விட்டுவிட்டுப் போட்ட கோட்டை, எதிரே காலியாக இருந்தால் தாண்டி முந்தலாம். இரட்டைத் தொடர்கோட்டைத் தாண்டக் கூடாது. ஒன்று தொடர்ந்தும் ஒன்று விட்டுவிட்டும் இருந்தால் நம் பக்கத்துக் கோடு சொல்வதே நமக்கு.

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுப் பலகையைப் பார்த்ததுமே கியரைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் நுழைந்தபின் அல்ல. இறங்கும்போதும் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடிமானம் போய்விடும். இடம் குறுகலாக இருந்தால் இறங்குபவர்தான் ஒதுங்கி, ஏறுபவருக்கு வழிவிட வேண்டும்.

பழகுவதற்கு ஒரு வழி: காட்பாடியிலிருந்து பாகாயம் வரை டவுன் பஸ்ஸில் முன் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணில் படும் ஒவ்வொரு பலகையையும் முதலில் வடிவம், பிறகு பொருள் என்று மெல்லச் சொல்லிக்கொண்டே வாருங்கள். பேனருக்கும் மரக்கிளைக்கும் பின்னால் ஒளிந்திருப்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வழியில் இருட்டியபின் ஒரு முறை போய்வாருங்கள்.