ஜீப்புக்குக் குறைந்த செலவில் துணை விளக்கு

மணிமுத்தாறுக்கு மேலே மாஞ்சோலை மலைப்பாதையிலோ, திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டிலோ ஓடும் ஜீப்புக்கு துணை விளக்காக விலை குறைந்த எல்இடி விளக்குகள் இரண்டு போதும். விளக்கில் சிக்கனம் பார்க்கலாம். ஒயர், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்), ஃபியூஸ் ஆகியவற்றில் பார்க்கவே கூடாது, ஏனெனில் அங்கே குறை இருந்தால் வண்டி தீப்பிடிக்கலாம்.

18 வாட் விளக்குகள் இரண்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும் என்பதால் 5 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பாசிட்டிவ் முனையிலிருந்து வரும் ஒயரில், முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸை வைத்து, ரிலேயின் 30ஆம் எண் காலில் சேருங்கள். 87இலிருந்து விளக்குகளுக்கு ஒயர் செல்லட்டும். ஹைபீம் எரியும்போது மட்டும் மின்சாரம் வரும் ஒயரிலிருந்து சுவிட்ச் வழியாக 86க்கு இணைப்புக் கொடுத்தால், டிம் செய்தவுடன் துணை விளக்கும் அணைந்துவிடும்; எதிரே வருபவரின் கண் கூசாதிருக்க இதுவே சரியான முறை. 85ஐயும் விளக்குகளின் எர்த் ஒயர்களையும், பெயின்டைச் சுரண்டி இரும்பு பளிச்சென்று தெரியும் இடத்தில் போல்ட் போட்டு இறுக்கி, துருப் பிடிக்காமல் மேலே கிரீஸ் தடவுங்கள்.

சாரல் காலத்தில் நீர் புகுவது கண்ணாடி ஓரத்தில்தான். அங்கே சிலிக்கான் பசை பூசுங்கள். பொதுச் சாலையில் துணை விளக்குகளை உறையிட்டு மூடியே ஓட்டுங்கள்.