வீட்டு நாய்க்கு எடை கூடாமல் இருக்க: ஒரே டப்பா, ஒரே கணக்கு

வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு நாய் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறேன். வருகிற நாயைத் தராசில் ஏற்றி எடையைக் குறிப்பதுதான் என் முதல் வேலை. தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, சில நாள் திருவொற்றியூரிலிருந்துகூட வருவார்கள். தடுப்பூசி, காதில் சீழ், பின்னங்காலை நொண்டுகிறது என்று வரும் காரணம் வேறு வேறாக இருக்கும். தராசு காட்டும் எண் மட்டும் பெரும்பாலும் இருக்க வேண்டியதைவிட அதிகமாகவே இருக்கும். "நல்லா கொழுகொழுன்னு வளர்த்திருக்கோம்க்கா" என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். பாசத்தில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் அந்த எடையைத் தாங்குவது நாயின் முட்டியும் இடுப்பும்தான்.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு. 2002இல் வந்த முடிவுப்படி, குறைவாகச் சாப்பிட்டு ஒல்லியாக இருந்தவை சுமார் 13 வருடமும், மற்றவை சுமார் 11.2 வருடமும் வாழ்ந்தன. ஒல்லியானவற்றுக்கு மூட்டுத் தேய்மானமும் தாமதமாகத்தான் வந்தது. எனக்குத் தெரிந்து எந்த மருந்தும் ஒரு நாய்க்கு ஒன்றே முக்கால் வருடம் கூடுதலாகத் தராது.

முதலில் கையை வைத்துப் பாருங்கள்

நாயை நிற்க வைத்து, விலாவின் இரண்டு பக்கமும் கையை வைத்து அழுத்தாமல் தடவுங்கள். பிறகு உங்கள் இடது கையை மேசையில் விரித்து வைத்து, புறங்கையை வலது விரலால் தடவிப் பாருங்கள். தோலுக்குக் கீழே எலும்பு தெரியும், ஆனால் துருத்தாது. நாயின் விலாவும் அப்படித் தட்டுப்பட்டால் சரி. உள்ளங்கையைத் தடவுவதுபோல் மெத்தென்று இருந்து, எலும்பைத் தேட வேண்டியிருந்தால் எடை அதிகம். முஷ்டியை மடக்கினால் தெரியும் கணுக்களைப்போல் துருத்தினால் மெலிந்துவிட்டது. அப்புறம் மேலிருந்து பாருங்கள். விலா முடியும் இடத்தில் இடுப்பு உள்ளே ஒடுங்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் வயிறு பின்பக்கமாக மேலே ஏற வேண்டும். டாக்டர்கள் இதையே 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (மிகப் பருமன்) வரை மதிப்பெண்ணாகப் போடுவார்கள். 4, 5 என்றால் நல்ல நிலை.

பொமரேனியன், ஸ்பிட்ஸ் போன்ற ரோமக்கார நாய்களைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கை வைத்தால்தான் தெரியும். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்கள் இதற்கு நேர்மாறாகக் கவலைப்படுவார்கள். ஓடுவதற்கென்றே வந்த ஜாதிகள் அவை. கடைசி விலா எலும்புகள் லேசாகத் தெரிவது அவற்றுக்கு இயல்புதான். "ஊரே கேட்குது, சோறு போடறதில்லையான்னு" என்று அதையும் உருட்டித் திரட்ட வேண்டாம்.

எடை எங்கிருந்து ஏறுகிறது

எடை கூடிய நாயின் வீட்டில் "என்ன சாப்பாடு?" என்று கேட்டால், "ரெண்டு வேளைதான்க்கா, கொஞ்சமாத்தான்" என்பார்கள். பொய் இல்லை. தட்டில் வைப்பது கொஞ்சம்தான். ஆனால் காலையில் அப்பா டீ குடிக்கும்போது பிஸ்கட், பாட்டி தோசையின் ஓரம், பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பி வந்த டிபன் பாக்ஸில் மிச்சம், வேலை முடிந்து வரும் அண்ணன் கையில் டீக்கடைப் பொறை, கீழ்வீட்டு அக்கா போடும் மீன் தலை. ஒவ்வொருவரும் கொடுத்தது கொஞ்சம்தான். எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கத்தான் வீட்டில் யாருமில்லை.

ஒரு மேரி பிஸ்கட்டில் சுமார் 25 கலோரி. கருத்தடை செய்த 8 கிலோ பக் நாய்க்கு ஒரு நாளைக்கே ஏறக்குறைய 530 கலோரி போதும். நாலு பிஸ்கட் போட்டால் 100 கலோரி, அதாவது அதன் ஒரு நாள் சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு வாசற்படியிலேயே முடிந்துவிட்டது. தட்டில் வைப்பதோ குறையவில்லை.

அதனால் நான் எல்லாரிடமும் சொல்வது இதுதான். மூடி போட்ட ஒரு டப்பா எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருவர், தினமும் அதே ஒருவர், அன்றைய நாள் முழுவதற்குமான சாப்பாட்டை எடைபோட்டு அதில் வைக்க வேண்டும். யாருக்கு எப்போது நாய்க்குக் கொடுக்கத் தோன்றினாலும் அந்த டப்பாவிலிருந்துதான் எடுக்க வேண்டும். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். வெளியிலிருந்து ஒன்று கொடுத்தே ஆக வேண்டுமென்றால் அதற்கு ஈடாக டப்பாவிலிருந்து எடுத்துவிடுங்கள். இந்தத் தின்பண்டக் கணக்கு மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

கடையில் பையாக வாங்கும் தீனியை டம்ளரில் அளக்காதீர்கள். ஒரே டம்ளரில் அம்மா அளப்பதும் பையன் அளப்பதும் வேறாக இருக்கும். சமையலறைத் தராசில் கிராம் கணக்காகப் போடுங்கள். தீனிப் பையின் பின்பக்கம் எடைவாரியாக அளவு அச்சிட்டிருப்பார்கள். நாய் இப்போது இருக்கும் எடையைப் பார்க்காமல், இருக்க வேண்டிய எடைக்கு நேராக உள்ள அளவை எடுங்கள். தீனியும் போட்டு, மேலே சோறும் தயிரும் பிசைந்து வைப்பது எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் உண்டு. அது இரண்டு சாப்பாடு. சோறு வைத்தால் தீனியைக் குறைத்தே ஆக வேண்டும்.

பாட்டி, தாத்தாக்களைத் தடுப்பதுதான் கடினம் என்பார்கள். தடுக்க வேண்டாம். கேரட், வெள்ளரி, வேகவைத்த பீன்ஸ், பூசணித் துண்டு ஒரு கிண்ணத்தில் அவர்கள் பக்கத்திலேயே இருக்கட்டும். பாட்டி கையிலிருந்து ஏதாவது வந்தால் போதும், கேரட்டுக்கும் அதே வால் அதே வேகத்தில் ஆடும். திராட்சை மட்டும் வேண்டாம். உலர்ந்ததோ பச்சையோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

லாப்ரடார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது எப்போதும் பசியோடு பார்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பசியடங்கியதை மூளைக்குச் சொல்லும் ஒரு மரபணுவில் குறை இருப்பதை 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு அது உண்டு. அந்த நாய் உண்மையிலேயே பசியை உணர்கிறது, ஏமாற்றவில்லை. அதற்காகவே அளவை நாம் காக்க வேண்டியிருக்கிறது.

நம்ம பக்கத்துச் சாப்பாடு

கறிக்கடையில் நாய்க்கென்று கேட்டால் தோலும் கொழுப்பும் கழுத்தும் அள்ளிப் போடுவார்கள். தோலில் மட்டும் தோல் நீக்கிய கறியைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கலோரி. காசு கொஞ்சம் கூடினாலும் தோல் நீக்கிய கறியே வாங்குங்கள். காசிமேட்டு மீன் நல்ல சாப்பாடுதான், உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்து முள்ளை எடுத்துவிட்டால். கருவாடு வேண்டாம், உப்பு தாங்காது.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அதில் கொழுப்பு இருக்கிறது, நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன, கடித்தால் ஊசியாகப் பிளக்கும் வெந்த எலும்பு இருக்கிறது. கொழுப்பு மிகுந்த ஒரு வேளைச் சாப்பாடே கணைய வீக்கத்தைக் கிளப்பிவிடலாம். திங்கட்கிழமை காலையில் வாந்தியோடு வயிறு வலித்து முதுகை வளைத்து நிற்கும் நாய்களைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பார்க்கவே கஷ்டமாக இருக்கும். ஒரு பிடி கூட வேண்டாம்.

மின்ட், சௌகார்பேட்டை பக்கம் சைவ வீடுகளில் நெய் தடவிய ரொட்டியும் பாலும் வழக்கம். ஒரு டீஸ்பூன் நெய் சுமார் 45 கலோரி. ரொட்டியை நெய் இல்லாமல் கொடுங்கள். சைவச் சாப்பாட்டிலேயே வளர்க்க விரும்பினால் டாக்டரிடம் உட்கார்ந்து பேசித் திட்டம் போடுங்கள், அனுமானத்தில் செய்ய வேண்டாம்.

வீட்டுச் சமையலுக்கு ஒரு கணக்கு. 36 கிலோ லாப்ரடார் 30 கிலோவுக்கு இறங்க வேண்டும் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 900 கலோரியில் தொடங்குவோம். வெந்த சோறு 200 கிராம், தோல் நீக்கி வேகவைத்த கோழி 250 கிராம், ஒரு முட்டை, காய்கறி 200 கிராம். இது 800 கலோரிக்குச் சற்று மேலே வரும், மீதி தின்பண்டக் கணக்கு. இதில் கால்சியமும் சில சத்துகளும் போதாது, அதற்கு என்ன சேர்ப்பது என்பதை டாக்டர் எழுதித் தர வேண்டும். கடைத் தீனி போடுபவர்களும் இவ்வளவு குறைப்பதற்கு முன், எடை குறைக்கவென்றே வரும் தீனி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் புரதமும் நாரும் கூடுதலாக இருக்கும்.

நடை

சாப்பாட்டைக் குறைக்காமல் நடையால் மட்டும் எடை இறங்காது. ஆனால் தசை கரையாமல் இருக்கவும், நாயின் மனசு நன்றாக இருக்கவும் நடை வேண்டும்.

எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் கன்டெய்னர் லாரிகள் இரவு பகல் பார்க்காது, அங்கே கூட்டிப் போகாதீர்கள். திருவொற்றியூர் கடலோரம் காற்று நன்றாக இருந்தாலும் கொட்டியிருக்கும் பாறைகளில் கனத்த நாய் ஏறி இறங்கினால் கால் சுளுக்கும். மீன்பிடித் துறைமுகத்தில் காலை ஏலம் நடக்கும் நேரத்தில் தரையெல்லாம் சாப்பாடு. உள் தெருக்களே நல்லது. தினமும் ஒரே வழியில், ஒரே நேரத்தில் போனால் தெரு நாய்களும் பழகிக்கொள்ளும். கழுத்துப் பட்டையைவிட மார்போடு மாட்டும் ஹார்னஸ் மூச்சை அழுத்தாது.

பழக்கமில்லாத நாய்க்குக் காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வெயில் காலத்தில், குறிப்பாக மே மாதக் கத்திரியில், விடியற்காலை ஆறு மணிக்குள்ளும் இரவு எட்டுக்கு மேலும் மட்டுமே. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. மொட்டை மாடித் தளம் பொழுது சாய்ந்த பிறகும் சூடு கக்கும், அங்கேயும் இதே சோதனைதான். பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு நாய்கள் நாக்கு கருநீலமாகி மூச்சு வாங்கினால் உடனே நிறுத்தி, சாதாரணத் தண்ணீரால் உடம்பை நனைத்து, காற்றுப் படவைத்து, ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைநீர் தேங்கும் தெருக்களில் நடக்க வைக்காதீர்கள். எலிக்காய்ச்சல் அந்தத் தண்ணீரில்தான் வரும். அந்த நாட்களில் டப்பாவிலிருக்கும் தீனியைக் கயிற்றுப் பாய்மேல் தூவுங்கள், அறைக்கு அறை ஒளித்து வையுங்கள். மூக்கால் தேடித் தேடிச் சாப்பிடுவதே அதற்கு நல்ல வேலை. மாடிப்படியில் ஏறி இறங்க வைப்பது மட்டும் வேண்டாம், கனத்த நாயின் முட்டிக்குக் கேடு.

எடை பார்த்துக்கொண்டே இருங்கள்

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, காலையில், சாப்பிடுவதற்கு முன் எடை பாருங்கள். சின்ன நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுத் தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். பெரிய நாய்க்கு அரிசி மண்டியில் மூட்டை போடும் தராசு சரியாக வரும், தெரிந்த கடையென்றால் மறுக்க மாட்டார்கள். எண்ணைச் சுவர் காலண்டரில் எழுதுங்கள், வீட்டில் எல்லாரும் பார்க்கட்டும். வாரத்துக்கு உடம்பு எடையில் 1 முதல் 2 சதவீதம் இறங்குவது நல்ல வேகம். 36 கிலோ நாய்க்கு 360 முதல் 720 கிராம். அதைவிட வேகமாக இறங்கினால் சாப்பாட்டைச் சற்றுக் கூட்டுங்கள். பட்டினி போடுவது கூடவே கூடாது. குட்டிகளுக்கும் சினை நாய்களுக்கும் இந்தக் குறைப்பு எதுவும் பொருந்தாது.

கருத்தடை ஆபரேஷன் முடிந்ததும் நாயின் தேவை ஐந்தில் ஒரு பங்காவது குறைந்துவிடும். தையல் பிரிக்க வரும்போதே புது அளவைக் கேட்டுவிடுங்கள். பலர் அந்த நேரத்தில்தான் "பாவம், ஆபரேஷன் ஆயிடுச்சு" என்று கூடுதலாகப் போடுவார்கள், ஆறு மாதத்தில் உடம்பு போட்டுவிடும்.

டப்பா கணக்கை வீட்டில் எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தும் இரண்டு மாதத்தில் எடை அசையவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தைராய்டு குறைந்தால் நாய் மந்தமாகும், ரோமம் உதிரும், எடை ஏறும். வயிறு தொங்கி, தண்ணீர் நிறையக் குடித்து, அடிக்கடி சிறுநீர் போனால், கார்டிசால் என்ற ஹார்மோன் உடம்பில் அளவுக்கு மீறும் குஷிங் நோயாக இருக்கலாம். வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். 1903இல் தொடங்கிய கல்லூரி அது. போகும்போது காலண்டரில் எழுதிய எடைகளையும், ஒரு வாரம் நாய் வாயில் போனது அத்தனையும் எழுதிய தாளையும் கொண்டுபோங்கள்.

வர வேண்டிய எடை வந்ததும் அளவைச் சட்டென்று பழையபடி ஆக்காமல், பத்தில் ஒரு பங்கு மட்டும் கூட்டி, இரண்டு வாரம் கழித்து மறுபடி எடை பாருங்கள். இன்னும் இறங்கினால் இன்னொரு பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். எடை ஓரிடத்தில் நின்ற பிறகு, மாதத்துக்கு ஒருமுறை தராசில் ஏற்றினால் போதும்.