நிமிஷ முள் இல்லாத கடிகாரம்: குறும்பட விஎஃப்எக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நண்பனை வைத்து ஒரு டபுள் ஆக்‌ஷன் குறும்படம் எடுத்தோம். சோஃபாவின் இடது ஓரத்தில் அண்ணன், வலது ஓரத்தில் தம்பி, இரண்டும் அவனே. டிரைபாடில் போனை மாட்டி 4.10க்கு அண்ணனை எடுத்தாயிற்று, அவன் சட்டை மாற்றி மீசை ஒட்டிக்கொண்டு வரும்போது 4.50. எடிட்டிங்கில் இரண்டு பாதியையும் ஒட்டிப் பார்த்தால் அண்ணன் பக்கச் சுவர் வெளுத்திருக்கிறது, தம்பி பக்கம் மஞ்சளடிக்கிறது. அதைக்கூடக் கலர் கரெக்‌ஷனில் சமாளித்துவிட்டோம், ஆனால் நடுவில் தொங்கிய சுவர்க் கடிகாரத்தில் நிமிஷ முள்ளையே காணோம். 4.10க்கு முள் வலது பக்கம், 4.50க்கு இடது பக்கம், நாங்கள் எடுத்துக்கொண்டதோ அதற்கு நேர்மாறான பாதிகள்!

இப்படி ஒரே ஆளை இரண்டு முறை எடுத்து ஒட்டும் மாஸ்க் ஷாட் என்பது ஃபிலிம் காலத்திலிருந்தே வரும் வித்தை. லென்ஸில் பாதியை மறைத்து எடுத்து, ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறுபாதியை எடுத்தார்கள். இன்றைக்கு டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே அதை ஐந்து நிமிஷத்தில் செய்துவிடலாம், கெடுவதெல்லாம் எடுக்கும்போதுதான். போனை ஆட்டோவில் விட்டால் வெளிச்சம், வெள்ளைச் சமநிலை, ஃபோகஸ் மூன்றையும் அது ஆளுக்கேற்ப மாற்றிக்கொண்டே இருக்கும். மூன்றையும் லாக் செய்யுங்கள். ஜன்னலை மூடிவிட்டு லைட்டில் எடுங்கள், வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும். வெட்டுக்கோடு கதவு நிலை, தூண், திரைச்சீலை ஓரம் மாதிரி நேர்கோடு உள்ள இடத்தில் விழட்டும், கை மட்டுமல்ல, கையின் நிழலும் அதைத் தாண்டக் கூடாது. ஃபேனை நிறுத்துங்கள் (வியர்க்கும், வேறு வழியில்லை). ஆளே இல்லாத வெறும் அறையையும் பத்து செகண்ட் எடுத்து வையுங்கள், ஏதாவது சொதப்பினால் அந்த கிளீன் பிளேட்தான் காப்பாற்றும்.

அடுத்த தொல்லை ஃபிளிக்கர். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பழைய டியூப் லைட்டும் மலிவான எல்ஈடியும் செகண்டுக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர், அதாவது ஒரு ஃபிரேமுக்கு வெளிச்சம் விழும் நேரம், 1/50 அல்லது 1/100 செகண்ட் என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் முழு மினுக்கல்களே விழும், படம் சுத்தமாக இருக்கும். 1/60 வைத்தால் திரையில் பட்டை பட்டையாக ஓடும். ஸ்லோமோஷனுக்கு செகண்டுக்கு 120 ஃபிரேம் வைத்தால் ஷட்டரை 1/120ஐ விட நீட்டி 1/100க்குக் கொண்டுவரவே முடியாது, ஆகவே அந்த ஷாட்டை வெயிலுக்குக் கொண்டுபோங்கள். கேமராவில் 100 ஃபிரேம் இருந்தால் 1/100 வைத்து உள்ளேயே எடுக்கலாம்.

எடிட்டிங்கில் பின்னணியை மாற்றுவதற்காக ஆளுக்குப் பின்னால் கட்டும் பச்சைத் துணி விஷயத்தில் எல்லோரும் செய்வது, பளபளக்கும் சாட்டின் வாங்கி வந்து ஆளை அதன்மேல் சாய்த்து நிறுத்துவது. பளபளப்பில்லாத துணி போதும், சுருக்கம் மட்டும் கூடாது. துணிக்குத் தனி லைட், ஆளுக்குத் தனி லைட், நடுவில் ஆறு எட்டு அடியாவது இடைவெளி. நெருங்கி நின்றால் பச்சை ஆள்மேல் தெறிக்கும், முதலில் மாட்டுவது தலையில் வைத்த மல்லிகைப்பூ, வெள்ளையாயிற்றே. கதையில் வாழை இலைச் சாப்பாடு வந்தால் நீலத் துணிக்கு மாறிவிடுங்கள், இல்லாவிட்டால் இலையும் சேர்ந்து மறைந்து, சோறு அந்தரத்தில் நிற்கும். முடிந்தவரை 4:2:2 (இரண்டு பிக்சலுக்கு ஒரு வண்ணத் தகவல்) தரும் கேமராவை இரவல் வாங்குங்கள். பெரும்பாலான போன்கள் பதியும் 4:2:0 வீடியோவில் நான்கு பிக்சலுக்கு ஒரே வண்ணத் தகவல்தான் இருக்கும், தலைமுடி ஓரம் கடித்துத் துப்பியது போல் வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

பகலில் எடுத்து இரவாக்கும்போது எல்லாவற்றிலும் நீலத்தை ஊற்றாதீர்கள். ஃபிரேமில் வானம் வேண்டாம். சூரியன் ஆளுக்குப் பின்னால் இருக்கட்டும், அதுதான் நிலா. ஒன்றரை இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து எடுத்தால் போதும், மீதி இருட்டை எடிட்டிங்கில் கூட்டிக்கொள்ளலாம், எடுக்கும்போதே கும்மிருட்டாக்கினால் நிழலில் வெறும் புள்ளிதான் மிஞ்சும்.

துப்பாக்கி சுடும் ஷாட்டில் தீப்பொறியை அப்புறம் சேர்ப்பீர்கள், சரி, முகத்தில் அந்த வெளிச்சம்? எடுக்கும்போதே சுடுகிற நொடியில் பக்கத்திலிருந்து ஒருவர் டார்ச்சைப் பளிச்சென்று அடித்து அணைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தீப்பொறி ஸ்டிக்கர் ஒட்டியது போலத்தான் இருக்கும்.

பிளெண்டர் என்கிற முப்பரிமாண மென்பொருளில் டிராக்கிங் (கேமராவின் அசைவைக் கணக்கிட்டு அதற்கேற்பப் பொருளைப் பொருத்துவது) செய்யப்போகும் ஷாட்டுக்குப் போனின் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். அது ஃபிரேமுக்கு ஃபிரேம் படத்தை வளைத்து நெளித்து வைத்திருக்கும், நீங்கள் ரோட்டில் நிறுத்திய முப்பரிமாணக் கார் தரையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகும்.