ஸ்க்ரமா, கான்பானா, வாட்டர்ஃபாலா: உங்கள் டீமுக்கு எது சரிவரும் என்று எப்படிப் பார்ப்பது

சாப்ட்வேர் வேலையை எந்த முறையில் நடத்துவது என்ற பேச்சு வந்ததும் பல டீம்களில் நேராக ஜிராவை (வேலைகளைப் பட்டியல் போட்டுக் கண்காணிக்கும் டூல்) திறந்து டெம்ப்ளேட் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அதை அப்புறம் பார்க்கலாம். முதலில், கடைசியாக முடித்த 20 வேலைகளை ஒரு எக்செல் ஷீட்டில் போடுங்கள். ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் வந்தது, எப்போது கையில் எடுத்தீர்கள், எப்போது முடிந்தது, நடுவில் எத்தனை தடவை மாறியது, அவ்வளவுதான். அரை நாள் ஆகும். இந்த ஷீட் இல்லாமல் முறைகளை ஒப்பிட்டால், யார் சத்தமாகப் பேசுகிறாரோ அவர் சொன்னதுதான் நடக்கும்.

ஷீட்டில் "எத்தனை தடவை மாறியது" என்ற இடம் பெரும்பாலும் பூஜ்யமாக இருந்து, மாறினால் செலவு பயங்கரமாக ஏறும் என்றால் (மருத்துவக் கருவிக்குள் ஓடும் சாப்ட்வேர் மாதிரி) வாட்டர்ஃபாலை, அதாவது திட்டம், வடிவமைப்பு, கோடிங், டெஸ்டிங் என்று ஒவ்வொரு கட்டத்தையும் முடித்துவிட்டே அடுத்ததுக்குப் போகும் முறையை, ஒதுக்கிவிடாதீர்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள். இந்த முறையின் மூலம் என்று எல்லோரும் காட்டுவது வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்க சாப்ட்வேர் நிபுணர் 1970இல் எழுதிய கட்டுரையை. அதில் வாட்டர்ஃபால் என்ற சொல்லே கிடையாது, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, டெஸ்டிங் கடைசியில் வருவதால் இப்படியே செய்வது ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்றும் அவரே எழுதியிருக்கிறார். முதலில் சின்னதாக ஒன்றைக் கட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் முழுசாகக் கட்டுங்கள் என்பது அவர் சொன்ன வழிகளில் ஒன்று. வாட்டர்ஃபால்தான் என்று முடிவு செய்தாலும் அதை விட்டுவிடாதீர்கள்.

ரிக்வயர்மென்ட் மாறிக்கொண்டே இருக்கிறது, ஆனால் எடுத்த வேலையை 2 வாரம் யாரும் மாற்றாமல் இருக்க முடியும் என்றால் ஸ்க்ரம். இதில் வேலையை ஸ்பிரின்ட் என்ற சின்னச் சின்னக் கெடுக்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முடிவிலும் செய்ததைக் காட்டுவார்கள். ஸ்பிரின்ட் ஒரு மாதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி, பல டீம்கள் 2 வாரம் வைக்கிறார்கள். இங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஸ்பிரின்ட் முடிவில் செய்ததைப் பார்த்து "இது இப்படி வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரமுள்ள ஆள், கிளையன்ட் பக்கமோ உங்கள் பக்கமோ, நேரம் ஒதுக்கி வந்து உட்காருவாரா? வரமாட்டார் என்றால் ஸ்க்ரமில் தினமும் காலையில் 15 நிமிடம் நின்று பேசும் கூட்டம் மட்டும்தான் மிஞ்சும்.

இனி கான்பான்: கெடு வைக்காமல், வேலைகளை ஒரு போர்டில் போட்டு, ஒரே நேரத்தில் கையில் இருப்பவற்றுக்கு ஒரு வரம்பு வைக்கும் முறை. இது எப்போது தேவை என்பதற்கு என் அனுபவம் ஒன்று. நான் இருந்த ஒரு சப்போர்ட் டீமில் திங்கட்கிழமை 10 டிக்கெட்டை (ஒவ்வொன்றும் செய்ய வேண்டிய ஒரு வேலை) ஸ்பிரின்டில் போடுவோம், புதன்கிழமை புரொடக்‌ஷனில் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சிஸ்டத்தில்) ஏதாவது பழுதாகி நிற்கும், கடைசியில் 4 முடிந்திருக்கும். ஒவ்வொரு ரெட்ரோவிலும் (ஸ்பிரின்ட் முடிந்ததும் எது சரி, எது தப்பு என்று பேசும் கூட்டம்) "எஸ்டிமேட் சரியில்லை" என்றே எழுதினோம், டீமில் இருந்த ஜூனியர்கள் ராத்திரி 11 மணி வரை உட்கார்ந்தார்கள். எஸ்டிமேட்டில் தப்பே இல்லை. வேலை நாள்தோறும் வந்து விழுகிற இடத்தில் 2 வாரத் திட்டம் நிற்காது, அதை யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1961இல் நிரூபித்த விதி: கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, ஒரு வாரத்தில் முடிப்பவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு வேலை முடிய சராசரியாக எத்தனை வாரம் ஆகும் என்று வரும். எங்களிடம் ஒரே நேரத்தில் 12 டிக்கெட் திறந்திருக்கும், வாரத்துக்கு 3 முடியும், ஆக ஒரு டிக்கெட்டுக்கு 4 வாரம். அதே வேகத்தில் 6 மட்டும் திறந்து வைத்தால் 2 வாரம். யாரும் வேகமாக ஓட வேண்டியதில்லை! போர்டில் "நடக்கிறது" என்ற பத்திக்கு மேலே 6 என்று மார்க்கரில் எழுதினோம், ஏழாவதை எடுக்க வேண்டுமென்றால் ஒன்றை முடித்தாக வேண்டும். முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது, மேனேஜருக்கு டிக்கெட்டுகள் வெளியே காத்திருப்பது பிடிக்கவில்லை. முன்பு அவை உள்ளே காத்திருந்தன, கண்ணில் படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஷீட்டில் திட்டமிட்டுச் செய்யும் வேலை, நாள்தோறும் வந்து விழும் வேலை என்று இரண்டு வகையும் கலந்திருந்தால் ஆட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். 8 பேரில் 2 பேர் மட்டும் ஒரு வாரத்துக்கு சப்போர்ட் பார்க்கட்டும், மற்ற 6 பேரை ஸ்பிரின்டில் விடுங்கள், அடுத்த வாரம் ஆள் மாற்றுங்கள். ஃபிக்ஸட் பிரைஸ் ஒப்பந்தம் என்றால் கையெழுத்துக்கு முன்பே மாற்றங்களை யார், எப்படி ஏற்பது என்று எழுதி வாங்குங்கள், பின்னால் எந்த முறையும் உங்களைக் காப்பாற்றாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் 6 வாரம் வேறெதையும் மாற்றாமல் ஓட்டுங்கள். அப்புறம் அதே ஷீட்டில் புதிதாக முடித்த 20 வேலைகளைப் போட்டு, எடுத்த தேதிக்கும் முடித்த தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்று பழையதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறையவில்லை என்றால் டீமில் கடைசியாகச் சேர்ந்தவரிடம் கேளுங்கள், எங்கே காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று.