பொருந்திவரும் எண்ணை நம்பிக் கெடுவது: கணினி மாதிரியமைப்பில் தவிர்க்க வேண்டியவை

உள்ளீட்டுக் கோப்பில் எழுத்துப் பிழை, அலகு மாற்றத்தில் குழப்பம் போன்றவற்றை யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டுவிடலாம். கணிப்பு ஒழுங்காக ஓடி முடிந்து, விடையும் ஆய்வக அளவீட்டோடு ஒத்துப்போன பிறகு உள்ளே தங்கியிருக்கும் தவறுகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். சூரிய மின்கலப் பொருள்களுக்கும் கொசுவழி நோய்களுக்கும் புதிதாக மாதிரி அமைப்பவர்கள் ஆண்டுதோறும் இவற்றில்தான் விழுகிறார்கள்.

ஈயப் பெரோவ்ஸ்கைட்டின் 1.6

ஆய்வேடுகளைத் திருத்தும்போது எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு இது. சூரிய மின்கலங்களுக்கான ஈயப் பெரோவ்ஸ்கைட்டான மெத்தில் அம்மோனியம் ஈய அயோடைடின் ஆற்றல் இடைவெளியை (கட்டுண்ட எலக்ட்ரான் கடத்தும் நிலைக்குத் தாவத் தேவையான குறைந்த ஆற்றல்), பலரும் முதலில் கையிலெடுக்கும் பி.பி.இ. சார்பியத்தை (எலக்ட்ரான்களின் ஆற்றலைத் தோராயமாகக் கணிக்கும் சூத்திரம்) கொண்டு கணக்கிட்டால் ஏறத்தாழ 1.6 எலக்ட்ரான் வோல்ட் வருகிறது. அளவீடும் அதையே சொல்வதால் மாணவர் மனநிறைவோடு அடுத்த சேர்மத்துக்குப் போய்விடுகிறார். பி.பி.இ. இடைவெளியைக் குறைத்தே காட்டும் என்பது இத்துறையில் ஊரறிந்த செய்தி, சிலிக்கானின் 1.1 அதன் கணக்கில் 0.6 ஆகிவிடுகிறது. அப்படிப்பட்டது ஈயத்தில் மட்டும் எப்படிச் சரியாகச் சொன்னது என்று கேட்க வேண்டாமா?

ஈயம் கனமான அணுவாதலால் அதில் சுழல்–சுற்றுப்பாதை இணைவு, அதாவது எலக்ட்ரானின் தற்சுழற்சிக்கும் அது அணுக்கருவைச் சுற்றும் இயக்கத்துக்கும் உள்ள பிணைப்பு, மிக வலுவானது. கடத்தல் பட்டையின் (இடைவெளிக்கு மேலே உள்ள ஆற்றல் நிலைகளின்) அடிப்பகுதி பெரும்பாலும் ஈயத்தின் 6பி நிலைகளால் ஆனதால், அந்நிலைகளைப் பிளக்கும் இந்த இணைவு பட்டையின் அடியை ஏறத்தாழ 1 எலக்ட்ரான் வோல்ட் கீழே இழுக்கிறது. இதையும் சேர்த்துக் கணக்கிட்டால் பி.பி.இ. தரும் விடை 0.6 அளவுக்கு இறங்கிவிடும். இணைவை விட்டதால் கூடியதும் சார்பியத்தால் குறைந்ததும் ஒன்றையொன்று ஈடுகட்டியதில் வந்ததுதான் அந்த 1.6. இது 2014-க்குள்ளாகவே தெளிவாகிவிட்ட விஷயம். ஆனாலும் வாஸ்ப் என்ற கணிப்பு மென்பொருளுக்கு மாணவர்கள் எழுதும் உள்ளீட்டுக் கோப்பைத் திறந்தால், இணைவை இயக்கும் அந்த ஒரு வரி பெரும்பாலும் இருப்பதில்லை.

நச்சு ஈயத்தை நீக்கி வெள்ளீயத்தை வைக்கும்போதுதான் இதற்கான விலையைக் கொடுக்க நேர்கிறது. வெள்ளீயத்தில் இணைவு சிறியது. ஈடுகட்ட எதுவும் இல்லை. அதே உள்ளீடு இப்போது 0.6 தருகிறது, உண்மை அளவோ 1.2-க்கு அருகில். நான் பார்த்த ஓர் ஆய்வேட்டில் வெள்ளீயச் சேர்மங்கள் அத்தனையும் "இடைவெளி மிகக் குறுகியது" என்ற ஒற்றை வரியோடு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தன. மின்கலத்தின் உச்சத் திறனை வரையறுக்கும் ஷாக்லி–குவைசர் கணக்கின்படி ஒற்றைச் சந்தி மின்கலத்துக்கு மிக உகந்த இடைவெளி 1.34, தள்ளப்பட்டவை அதற்கு ஈயத்தைவிட நெருக்கமானவை. சரிபார்ப்புக்கு ஈயம் ஒன்றையே எடுத்துக்கொண்டதால் வந்த வினை. இணைவோடு கூடிய ஜி.டபிள்யூ. என்ற, இன்னும் நுணுக்கமான கணிப்பு முறை இரண்டையும் ஏறத்தாழச் சரியாகத் தரும். அதற்குக் கணினி நேரம் பல மடங்கு ஆகும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு மூன்று சேர்மங்களுக்காவது அதைச் செய்து, தனி எண்ணை விட்டுவிட்டு, ஈயத்துக்கும் வெள்ளீயத்துக்கும் உள்ள வேறுபாடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஈயமும் வெள்ளீயமும் கலந்தால்

கலவையின் இடைவெளி இரு முனைகளையும்விடக் குறைவாக இருக்கக்கூடும். நடுவே நேர்கோடு போடாதீர்கள்.

கே-புள்ளிகள்

படிகத்தின் எலக்ட்ரான் அலைகளை மாதிரி எடுத்துக் கணக்கிடும் இந்தப் புள்ளிகளின் எண்ணிக்கையை, விடை அசையாமல் நிற்கும்வரை கூட்டுங்கள்.

நோயாளர் வளைவு

கொசு மாதிரிகளிலும் இதே ஏமாற்றம் உண்டு. கொசுவழி நோய் பரவுவதைக் கணிக்கும் ராஸ்–மெக்டொனால்டு மாதிரியில் கொசுக்களின் எண்ணிக்கையைக் கூட்டி ஆயுளைக் குறைத்தாலும், எண்ணிக்கையைக் குறைத்து ஆயுளைக் கூட்டினாலும், வாராந்திர நோயாளர் வளைவு ஏறத்தாழ ஒன்றுபோலவே பொருந்தும். எதைக் கட்டுப்படுத்துவது என்று கேட்கும்போதுதான் இரண்டும் பிரிகின்றன. கொசுக்களைப் பாதியாக்கினால் நோய் பரப்பும் திறனும் பாதிதான் ஆகும். ஆனால் கிருமி கொசுவின் உடலில் முதிர 10 நாள் ஆகும் என்று கொண்டால், கொசு ஒரு நாளைத் தாண்டி உயிர்வாழும் வாய்ப்பு 0.9-லிருந்து 0.8 ஆகக் குறைந்தாலே அத்திறன் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகிவிடும். கொசுப் புழுக்களை அழிக்கும் மருந்தா, வளர்ந்த கொசுவின் ஆயுளைக் குறைக்கும் தெளிப்பா என்ற முடிவு இதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. நோயாளர் எண்ணிக்கை மட்டும் அதைச் சொல்லாது. பிடித்த பெண் கொசுக்களின் சூலகத்தை நுண்ணோக்கியில் பிரித்துப் பார்த்து, ஒருமுறையாவது முட்டையிட்டவை எத்தனை என்று எண்ணிய தரவைப் பூச்சியியலாளர்களிடம் கேட்டு வாங்கி, ஆயுளை அதிலிருந்து கணித்துக்கொண்ட பிறகே வளைவைப் பொருத்த வேண்டும்.