நோயாளியின் தட்டில் மிஞ்சுவதை அளப்பது எப்படி

மருத்துவமனைச் சாப்பாட்டில் எவ்வளவு வீணாகிறது என்று ஆராய வருகிறவர்களில் பலர், மிச்சத்தை எல்லாம் ஒரே வாளியில் கொட்டி, தராசில் வைத்து, ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்துவிடுகிறார்கள். தலைக்கு இத்தனை கிராம் என்று ஒரு விடை வந்துவிடும். சமையற்கூடத்தின் செலவுக் கணக்குக்கு அது போதும். நோயாளி என்ன சாப்பிட்டார் என்பதை மட்டும் அது சொல்லவே சொல்லாது. என்னிடம் ஆய்வுக்கு வரும் உணவியல் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஒவ்வொரு தட்டையும் தனியாக எடுங்கள், தட்டில் உள்ள ஒவ்வொரு பண்டத்தையும் தனியாக நிறுத்துப் பாருங்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தெளிந்த சூப் 200 கிராம், மசித்த உருளைக்கிழங்கு 150, பழம் 100, அவித்த முட்டை 50. மொத்தம் 500 கிராம். முட்டையைத் தவிர எல்லாவற்றையும் சாப்பிட்டுவிட்டார். எடைப்படி மிச்சம் 10 சதவீதம்தான், நல்லாத்தானே சாப்பிட்டிருக்கிறார் என்று தோன்றும். ஆனால் அந்த முட்டையோடு ஏறக்குறைய 6 கிராம் புரதம் திரும்பிப் போய்விட்டது. அந்த வேளைப் புரதத்தில் பெரும்பங்கு அதுதான். புண் ஆற வேண்டிய ஒருவருக்கு இது சின்ன விஷயமில்லை.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் எதை அளக்கப் போகிறோம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். நறுக்கும்போது கழிவது ஒன்று, பரிமாறாமல் வண்டியிலேயே மிஞ்சுவது இன்னொன்று, தட்டில் மிஞ்சுவது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு, பொறுப்பாளர் வேறு. இந்த ஆய்வுக்கு மூன்றாவது போதும். மருத்துவமனையின் அனுமதியை வாங்கிவிடுங்கள். தாளில் நோயாளியின் பெயர் வேண்டாம், ஒரு குறியீடும் உணவு வகையும் இருந்தால் போதும். சாதாரண உணவு, மென் உணவு, உப்புக் குறைத்த உணவு எல்லாவற்றையும் ஒரே சராசரிக்குள் போட்டால் எதுவும் விளங்காது.

தராசு ஒரு கிராம் வரை காட்ட வேண்டும். தினமும் தொடங்கும் முன் எடை தெரிந்த ஒரு படிக்கல்லை வைத்துச் சரிபாருங்கள். ஒரே மாதிரித் தெரியும் தட்டுகள் ஒரே எடையில் இருப்பதில்லை, அதனால் பத்துப் பன்னிரண்டு வெறும் தட்டுகளைத் துடைத்து நிறுத்துப் பார்த்துவிடுங்கள். வித்தியாசம் அதிகமாக இருந்தால் தட்டின் அடியில் எண் ஒட்டுவதைத் தவிர வழியில்லை. பரிமாறிய அளவை உணவுப் பட்டியலைப் பார்த்து எழுதக் கூடாது. ஒவ்வொரு வேளையும் பரிமாறும் இடத்திலேயே ஒவ்வொரு பண்டத்திலும் ஐந்தாறு பங்குகளை நிறுத்துச் சராசரி எடுங்கள். கரண்டி பிடிக்கும் கை மாறினால் பங்கும் மாறும். எலும்பு, தோல், கொட்டை எல்லாம் மிச்சக் கணக்கில் வராது. அவற்றைப் பரிமாறிய எடையிலிருந்தும் கழிக்க வேண்டும், திரும்பிய எடையிலிருந்தும் கழிக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கழித்தால் மொத்தமும் கோணலாகிவிடும்.

உணவுப் பட்டியல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுழல்கிறது என்றால் இரண்டு வாரமும் அளப்பதுதான் முறை. ஆள் இல்லையென்றால் சில நாட்களைத் தேர்ந்தெடுங்கள், அதில் ஒரு விடுமுறை நாளும் இருக்கட்டும். முதல் நாள் கணக்கை நான் சேர்ப்பதில்லை. யாரோ வந்து அளக்கிறார்கள் என்றதும் பரிமாறுகிறவர்களின் கை கொஞ்சம் மாறும். அது அடங்கட்டும்.

எல்லாத் தட்டையும் நிறுக்க நேரமில்லையா? கண்ணால் மதிப்பிடும் முறை இருக்கிறது. 1981இல் காம்ஸ்டாக்கும் அவரோடு இருந்தவர்களும் பள்ளி மதிய உணவுக்காக வெளியிட்ட ஆறு படி அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: முழுவதும் மிச்சம், ஒரு வாய் மட்டும் எடுத்தது, முக்கால் மிச்சம், பாதி, கால், ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பேர் ஒரே தட்டைப் பார்த்து ஒரே படியைச் சொல்கிறார்களா என்று முதலில் சோதியுங்கள். ஒரு வார்டின் தட்டுகள் முழுவதையும் இருவரும் தனித்தனியே மதிப்பிட்டு, பிறகு நிறுத்தும் பார்த்து, இருவர் மதிப்பீடும் எந்த அளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் 'கப்பா' என்ற புள்ளியியல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் மறுபடி பழக வேண்டியதுதான்.

இனி, தாளில் எடைக்குப் பக்கத்தில் நான் கட்டாயம் கேட்கும் ஒரு கட்டம்: ஏன் மிஞ்சியது? மூடி பிரிக்காத தயிர்க் கிண்ணம் ஒன்று திரும்பி வருகிறது. அதைப் பார்த்ததும் 'தயிர் பிடிக்கவில்லை' என்று எழுதிவிடாதீர்கள். கட்டிலுக்குப் போய்ப் பாருங்கள். வலது கையில் ஊசி ஏற்றி பிளாஸ்திரி ஒட்டியிருக்கும், இடது கையால் மட்டும் அந்த ஒட்டுத் தாளைக் கிழிக்க முடியாது. அல்லது மேசை கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். அல்லது சாப்பாடு வந்த நேரத்தில் அவரை எக்ஸ்ரேக்குக் கூட்டிப் போயிருப்பார்கள். இது எதிலும் சமையலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலித் தட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். உறவினர் சாப்பிட்டிருக்கலாம், அல்லது "அப்புறம் சாப்பிடுறேன்" என்று பக்கத்து அலமாரியில் எடுத்து வைத்திருக்கலாம். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதனால் அப்படி ஒளித்து வைத்ததைக் கண்டால் குறித்துக்கொண்டு செவிலியரிடமும் சொல்லிவிடுங்கள்.

அளக்கிறவர் கையுறையும் மேலங்கியும் போட்டிருக்க வேண்டும், முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். மிச்சம் நிறுத்த தராசு எந்தக் காரணத்துக்காகவும் சமையற்கூடத்துக்குத் திரும்பக் கூடாது. தொற்றுக்காகத் தனிமைப்படுத்தியவர்களின் தட்டைத் தொடும் முன் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவைக் கேளுங்கள்.

கணக்கெடுக்கும்போது சராசரியோடு நின்றுவிடாதீர்கள். முழுதாகச் சாப்பிட்டவர்கள் ஒரு கூட்டம், தொடாமலே அனுப்பியவர்கள் ஒரு கூட்டம் என்று எண்கள் இரண்டாகப் பிரிந்து நிற்பது உண்டு. இரண்டுக்கும் நடுவே விழும் சராசரி யாரையும் காட்டாது. பாதியோ அதற்குக் குறைவோ சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்று தனியாக எழுதுங்கள். பல நாட்டு மருத்துவமனைகளில் ஒரே நாளில் நடக்கும் 'நியூட்ரிஷன்டே' கணக்கெடுப்பின் 2006ஆம் ஆண்டுத் தரவில், குறைவாகச் சாப்பிட்டவர்களிடையே இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. அதனால் அந்த எண்ணிக்கையை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடச் சொல்வேன். கூடவே ஒவ்வொரு பண்டத்தின் மிச்சத்தையும் புரதமாகவும் கலோரியாகவும் மாற்றி எழுதுங்கள்.

முடிவைச் சமையற்கூடத்துக்கும் வார்டுக்கும் ஒன்றாகவே கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவார்கள். பிறகு ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்யச் சொல்லுங்கள், உதாரணத்துக்கு, தட்டை வைக்கிறவரே மூடிகளைப் பிரித்துக் கொடுப்பது. உணவுப் பட்டியலில் அதே நாள் திரும்ப வரும்போது, அதே தராசில், அதே ஆளை வைத்து மறுபடி அளந்து பாருங்கள்.